மாறிய பக்கங்களை எண்ணும் லிப்விர்ட் வசதி: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் உள்ள சில மொத்த வியாபாரக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருளையும் பில் போடும் மென்பொருளையும் நடத்திக் கொடுப்பது எங்கள் சிறிய அலுவலகத்தின் வேலை. இரண்டு சர்வர்கள், அவற்றுக்கிடையே ஒரு கிகாபிட் இணைப்பு, மேலே மெய்நிகர் இயந்திரங்களை (ஒரு சர்வருக்குள் தனிக் கணினிகளைப் போல இயங்குபவை) ஓட்ட லினக்ஸின் கேவிஎம்மும் கியூஎமுவும், அவற்றை மேய்க்க லிப்விர்ட் என்னும் மென்பொருள்: எங்கள் உடைமை அவ்வளவுதான். இந்த மதிப்புரை அந்த லிப்விர்ட்டின் மூலையில் கிடக்கும் ஒரே ஒரு கட்டளையைப் பற்றியது. அதன் பெயர் 'டாம்டர்ட்டிரேட்-கால்க்'. ஒரு மெய்நிகர் இயந்திரம் தன் நினைவகத்தில் வினாடிக்கு எத்தனை மெகாபைட்டை மாற்றி எழுதுகிறது என்பதை அது அளந்து சொல்கிறது.

இந்த எண்ணை நான் தேடிப் போனதற்குக் காரணம், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் பட்ட பாடு. ஒரு சர்வரின் விசிறி எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கியதால், அதில் இருந்த 16 ஜிபி நினைவகமுள்ள தரவுத்தள மெய்நிகர் இயந்திரத்தை அணைக்காமல் ஓட்டத்திலேயே மற்ற சர்வருக்கு மாற்ற முயன்றேன். நாற்பது நிமிடம் ஆகியும் வேலை முடியவில்லை. ஆட்டோ-கன்வெர்ஜ் வசதியை இயக்கினேன். இடமாற்றம் முடியட்டும் என்பதற்காக அது இயந்திரத்தின் வேகத்தை முதலில் 20 விழுக்காடு குறைத்து, போதாவிட்டால் பத்துப் பத்தாகக் கூட்டி, 99 விழுக்காடு வரை நெரிக்கக்கூடியது. கடையில் பில் போடும் தம்பி தொலைபேசியில் பேசிய பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை.

அப்படி ஆனதற்கான காரணம் எளிய கணக்கு. கடையை மூடாமலே சரக்கை அடுத்த கடைக்கு மாற்றுவதைப் போன்றது இது: ஒரு சுற்று தூக்கிப்போய் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இங்கே சில அலமாரிகள் கலைந்திருக்கும், அவற்றை மறுபடியும் சுமக்க வேண்டும். கியூஎமு முதல் சுற்றில் முழு நினைவகத்தையும் அனுப்பி, அதற்குள் மாறிய பக்கங்களை (நினைவகத்தின் 4 கிலோபைட் துண்டுகளை) அடுத்த சுற்றில் அனுப்பி, மிச்சம் 300 மில்லிவினாடிக்குள் அனுப்பக்கூடிய அளவுக்குச் சுருங்கியதும் இயந்திரத்தை நிறுத்தி மாற்றிவிடுகிறது. இணைப்பில் வினாடிக்கு 110 மெகாபைட் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த மிச்சம் 33 மெகாபைட். நினைவகத்தில் மாறுவது வினாடிக்கு 60 மெகாபைட் என்றால் பதினொரு சுற்றில், ஏறக்குறைய ஐந்தரை நிமிடத்தில் வேலை முடியும். 105 என்றால் ஒரு மணி நேரத்தை நெருங்கும். 120 என்றால் முடியவே முடியாது. ஒரே பக்கம் திரும்பத் திரும்ப எழுதப்படும்போது நிலைமை இதைவிட நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் புறப்படுமுன் கையில் அந்த எண் இல்லாதவர் குருட்டாம்போக்கில்தான் புறப்படுகிறார்.

கட்டளைக்கு மூன்று முறைகள் உண்டு. தானாக வருவது மாதிரி எடுக்கும் முறை. ஒவ்வொரு ஜிபிக்கும் 512 பக்கங்களைத் தேர்ந்து, அதாவது 512 பக்கத்துக்கு ஒன்றை எடுத்து, அவற்றின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சிறு அடையாள எண்ணை) குறித்துக்கொண்டு, சொன்ன நேரம் கழித்து மறுபடி பார்க்கிறது. இயந்திரத்துக்கு இதனால் சுமை மிகக் குறைவு. வேலை நேரத்தில் தயங்காமல் ஓட்டலாம், ஓட்டியும் வருகிறேன். நூறு முறை எழுதப்பட்ட பக்கமும் ஒரு முறை எழுதப்பட்ட பக்கமும் இதற்கு ஒன்றே. எழுத்து சில இடங்களில் மட்டும் குவியும் இயந்திரத்தில் மாதிரி தவறிப்போகவும் கூடும்.

இரண்டாவது பிட்மேப் முறை, பக்கத்துக்கு ஒரு குறி வைத்து, உண்மையாகவே எண்ணுகிறது, அதற்கான விலையையும் வாங்குகிறது. பக்கங்களுக்கு எழுதத் தடை போட்டுவிட்டு, தடையை யார் மீறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் பழைய வழி. ஒவ்வொரு முதல் மீறலிலும் இயந்திரம் ஒரு கணம் ஹோஸ்ட்டிடம், அதாவது தன்னைத் தாங்கும் சர்வரிடம், போய்த் திரும்ப வேண்டும். இன்டெல் பிராட்வெல் தலைமுறையிலிருந்து செயலியே மாறிய பக்கங்களின் முகவரிகளை ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டு, 512 சேர்ந்த பின்னரே ஹோஸ்ட்டை அழைக்கிறது. (1972 முதல் பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை இருக்கிறது, அதில் வேலை பார்த்த உறவினர் இல்லாத பினாங்குத் தமிழ்க் குடும்பத்தைக் காண்பது அரிது என்பதால் இதைச் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகிறேன்.) பட்டியல் வந்த பிறகும் ஒரு செலவு மிஞ்சுகிறது: கண்காணிப்புக்காக 2 மெகாபைட் பெரிய பக்கங்கள் 512 சிறிய பக்கங்களாக உடைக்கப்படுகின்றன. தரவுத்தளங்கள் பெரிய பக்கங்களை நம்பியே வேகம் பெறுவதால், அளக்கும் நேரத்தில் அந்த வேகம் தளரும்.

மூன்றாவது, டர்ட்டி ரிங். லினக்ஸ் 5.11இல் வந்த இந்த வழியில் ஒவ்வொரு மெய்நிகர் செயலிக்கும் தனித்தனி வளையம் உண்டு. அது எழுதிய பக்கங்கள் அதில் வரிசையாகச் சேரும். வளையம் நிரம்பினால் அந்தச் செயலி மட்டும் நிற்கும், மற்றவை ஓடும். ஆட்டோ-கன்வெர்ஜ் குற்றவாளியோடு சேர்த்து ஊர் முழுவதையும் தண்டிப்பதைப் பார்த்த எனக்கு இந்த நீதி பிடித்திருந்தது. எந்தச் செயலி எவ்வளவு எழுதுகிறது என்றும் தனித்தனியாகத் தெரிகிறது. ஆனால் இயந்திரத்தைத் தொடங்கும்போதே இதை இயக்கியிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் நினைத்தவுடன் மாற்ற முடியாது. இயக்கிவிட்டால் பிட்மேப் முறையில் அளக்கவும் முடியாது. இந்தக் கட்டுப்பாட்டை உதவிப் பக்கம் இன்னும் தெளிவாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மாலைப் பொழுது மிஞ்சியிருக்கும்.

கருவியின் பெரிய குறை நேர வரம்பு. எதுவும் சொல்லாவிட்டால் ஒரு வினாடிதான் அளக்கிறது. ஒரு வினாடியில் கிடைத்த எண்ணை நம்பி எதையும் செய்யக் கூடாது. அதிகபட்சம் 60 வினாடி. கடையின் வியாபாரமோ அலை அலையாக வருவது. ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி) வழியாக மாதிரி முறையில் 60 வினாடி அளந்து, லிப்விர்ட்டின் 'டாம்ஸ்டாட்ஸ்' கட்டளை காட்டும் எண்ணை ஒரு கோப்பில் சேர்த்தேன். இதைக் கருவியே செய்து கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு வாரக் கோப்பைத் திறந்தபோது என் அனுமானம் பொய்த்தது. மாலை ஆறு மணிக்குக் கடையில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில்கூட எண் பெரிதாக ஏறவில்லை. பில் போடுவது நினைவகத்தில் மிகச் சிறிய வேலை. ஏற்றம் முழுவதும் ஒவ்வொரு மணியின் தொடக்கத்தில்தான் இருந்தது. சரக்கு இருப்பு அறிக்கையை மணிக்கொரு முறை முழுவதுமாகப் புதிதாகக் கணக்கிடும்படி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடைக்காரர் கேட்டதற்காக நானே அமைத்துக் கொடுத்த வேலை அது. தீபாவளி வாரத்தில் மிச்சம் சுருங்கி வந்தபோது அந்த அறிக்கை எழுந்து அதை மீண்டும் பெருக்கியிருக்கிறது.

அறிக்கையை இப்போது விடியற்காலை மூன்று மணிக்கு ஒரே முறை ஓட விட்டிருக்கிறேன். கடைக்காரர் அதை நாளுக்கு ஒரு முறைதான் பார்க்கிறாராம்.