சிறிய டிராக்டருக்குக் கூடுதல் விளக்கு மாட்டப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பர்மாவின் பெகு வட்டாரத்தில் கார்த்திகை மாதம் நெல் அறுவடை முடிந்ததும், வயலில் மிஞ்சியிருக்கும் ஈரம் காய்வதற்குள் உழுது உளுந்து விதைத்தாக வேண்டும் என்பதால், சிறிய டிராக்டர் வைத்திருக்கும் நம் மக்கள் பலர் பொழுது சாய்ந்த பிறகும் விடியுமுன்னும் ரோட்டவேட்டர் (வண்டியின் பின்னால் மாட்டும் சுழல் கலப்பை) ஓட்டுகிறார்கள். வண்டியோடு வரும் முன்விளக்குகள் பாதையில் போய்வரத்தான் போதும்; பின்னால் மண் எப்படிப் புரள்கிறது, கத்தியில் வைக்கோல் சுற்றிக்கொண்டதா என்பதெல்லாம் அவற்றின் வெளிச்சத்தில் தெரியாது. அதனால் எல்.இ.டி. விளக்கு மாட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மாட்டித் தருவதாகச் சொல்லும் கடைகளும் பெருகிவிட்டன. ரங்கூன்–மாந்தளை நெடுஞ்சாலையை ஒட்டிய அப்படியொரு கடையில் எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த வேலையை இதே முறையில் செய்யும் கடை அது ஒன்றுதான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என்னுடையது 24 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டர். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு விளக்குகள் கேட்டேன். கடைக்காரர் தமிழர்தான். “அண்ணே, ஒவ்வொண்ணும் நாப்பத்தெட்டு வாட்டு. தண்ணியில முக்கி எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. வயரிங்குக்கு நான் பொறுப்பு” என்றார். பெட்டியின் மேலும் 48 வாட், ஐ.பி.67 என்று அச்சிட்டிருந்தது. விளக்கின் விலையும் கூலியும் முழுவதுமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ‘விளக்கு 4, வேலை’ என்ற அளவில் ஒரு சீட்டைக் கொடுத்தார். எந்த வயர், என்ன ஃபியூஸ், எங்கிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது என்ற விவரம் ஒன்றும் அதில் இல்லை. பிறகு நடந்த வாக்குவாதம் முழுவதும் அந்தச் சீட்டில் இல்லாதவற்றைப் பற்றித்தான்.

முதலில் விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது சிறிய ஏமாற்று. அந்த விளக்கில் 16 எல்.இ.டி. புள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் 3 வாட் என்று கணக்கிட்டு, பதினாறால் பெருக்கி 48 என்று அச்சடித்துவிடுகிறார்கள். ஆனால் உள்ளே இருக்கும் சுற்று அந்தப் புள்ளிகளை அவ்வளவு மின்சாரத்தில் எரிய விடுவதே இல்லை. பின்னாளில் நேர்மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தபோது, நான்கு விளக்குகளும் சேர்ந்து 4.4 ஆம்பியர்தான் எடுத்தன. அவை சொன்னபடி 48 வாட் விளக்குகளாக இருந்திருந்தால் 16 ஆம்பியர் அளவுக்கு எடுத்திருக்க வேண்டும். ஆக, ஒரு விளக்கு 13 வாட்டைச் சுற்றித்தான் எரிந்தது. பின்பக்கத்துக்கு, வெளிச்சத்தைப் பரவலாக விரிக்கும் விளக்கு வேண்டும் என்று கேட்டிருந்தேன்; மாட்டியதோ தூரத்துக்குக் குவித்து அடிக்கும் வகை. ரோட்டவேட்டர் இருட்டிலேயே இருக்க, வரப்புக்கு அப்பால் நிற்கும் பனைமரத்தின் மட்டைகளை எண்ணிப் பார்க்கலாம் போல இருந்தது. சேற்றைக் கழுவிய மறுநாளே ஒரு விளக்கின் கண்ணாடிக்குள் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தது. ஐ.பி.67 என்பது உண்மையானால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் அந்த விளக்குக்கு ஒன்றும் நேரக் கூடாது.

இவ்வளவோடு போயிருந்தால் பணம் போனது என்று விட்டிருப்பேன், இந்தப் பதிவுக்கும் வேலை இருந்திருக்காது. வயரிங்தான் வண்டியையே எரித்திருக்கும்.

உழவு தொடங்கிய சில நாட்களில் முன்விளக்கு உட்பட எல்லா விளக்குகளும் திடீரென அணைந்தன. கடையிலிருந்து வந்த பையன் ஃபியூஸ் போய்விட்டது என்று சொல்லி, வேறொன்றைப் போட்டுவிட்டு, அதற்கும் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு போனான். அது ஏன் போனது என்று கேட்டதற்கு, “பழைய ஃபியூஸ், அதான்” என்றான். அடுத்து ஒரு விடியற்காலையில் உழுதுகொண்டிருந்தபோது, டேஷ்போர்டின் அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தோடு புகை வந்தது. எஞ்சினை நிறுத்தி, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றியதால் வண்டி தப்பியது. சாய்ந்து கிடக்கும் வைக்கோலுக்கு நடுவே, டீசல் டேங்க் வைத்த ஒரு வண்டியில் தீப்பற்றினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

டிராக்டர் வாங்கிய இடத்து மெக்கானிக் மூடியை எல்லாம் கழற்றிப் பார்த்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைக்காரர் விளக்குகளுக்கென்று பேட்டரியிலிருந்து தனி வழி எதுவும் இழுக்கவில்லை. முன்விளக்குக்குப் போகும் வயரின் உறையைக் கீறி, அதில் புது வயரைச் சுற்றி, டேப் ஒட்டியிருந்தார்கள். சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே இல்லை, விளக்குகளுக்கென்று தனி ஃபியூஸ் இல்லை. புது வயர், மடக்கக்கூடிய ரோல் பாரின் (இருக்கைக்குப் பின்னால் நிற்கும் காப்புக் கம்பத்தின்) கீல் வழியாக, தளர்வும் இல்லாமல் பாதுகாப்புக் குழாயும் இல்லாமல் சென்றது. மரத்தடி நிழலில் வண்டியை நிறுத்தக் கம்பத்தை மடக்கும்போதெல்லாம் கீல் வயரைக் கடித்து, உறை தேய்ந்து, செம்பு இரும்பில் தொட்டிருக்கிறது. முதல் ஃபியூஸ் போனதற்கு அதுவே காரணம். அதாவது ஃபியூஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அந்த இடத்தில் இருந்தது 15 ஆம்பியர் ஃபியூஸ். பையன் போட்டுவிட்டுப் போனது 30 ஆம்பியர். மறுபடி வயர் இரும்பில் தொட்டபோது ஃபியூஸ் போகவில்லை, வயர் எரிந்தது.

ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. எந்த வயர் எத்தனை ஆம்பியரைத் தாங்குமோ அதைவிடக் குறைந்த ஃபியூஸ்தான் அதற்கு இருக்க வேண்டும். போய்விட்ட ஃபியூஸின் இடத்தில் பெரியதைப் போடுகிறவர் யாராக இருந்தாலும் வண்டியைத் தொடவிடாதீர்கள். அந்த வயரே வேறு போலி. செம்பு போலத் தெரிந்ததைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம். செம்புப் பூச்சிட்ட அலுமினியம், செம்பைப் போல மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும், மடங்கும் இடத்தில் சீக்கிரம் முறியும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட், பின்விளக்கில் அளந்தால் 12.1. வழியிலேயே 1.7 வோல்ட் வெப்பமாகக் கரைந்துகொண்டிருந்தது.

எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டியது வேறொன்று. ரோல் பாரின் அடியில், இருக்கைக்குப் பின்னால், வேலை விளக்குக்கென்றே கம்பெனி விட்டுவைத்த ஒரு சாக்கெட், மூடி போட்டபடி, தனி ஃபியூஸோடு இருந்திருக்கிறது. சிறிய டிராக்டர்கள் பலவற்றில் இது உண்டு. வண்டியோடு வரும் புத்தகத்தில் அதன் இடமும் எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பதும் இருக்கும். புத்தகத்தைத் திறந்து பார்க்கவே நேரமில்லாத ஒருவரிடம் வயரை வெட்டக் கத்தி இருந்தது.

கடைக்காரரிடம் எரிந்த வயரையும் 30 ஆம்பியர் ஃபியூஸையும் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் முதலில் தண்ணீர் பட்டதால் ஆனது என்றார். தண்ணீரில் முக்கினாலும் ஒன்றும் ஆகாது என்று சொன்னவரும் அவரே. பிறகு, டிராக்டரின் டைனமோ சிறியது, அது தாங்கவில்லை என்றார். சிறிய டிராக்டர்களில் சார்ஜ் செய்யும் திறன் குறைவு என்பது மெய்தான். அதனாலேயே பழைய 55 வாட் ஆலசன் விளக்குகள் நான்கை மாட்டினால் 18 ஆம்பியருக்கு மேல் போய் பேட்டரி வற்றும். ஆனால் என் வண்டியில் அவர் மாட்டிய விளக்குகள் எடுத்ததே 4.4 ஆம்பியர். அதை மீட்டரோடு சொன்னதும், விளக்கைத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை தருவதாகவும், வயரிங் கூலியும் எரிந்த சுவிட்சும் ஹார்னஸும் (வண்டியின் வயர்க் கட்டு) தன் கணக்கில் வராது என்றும் சொல்லி முடித்துவிட்டார். சீட்டில் எழுதியிருக்கிறதா என்று கேட்டார், எழுதியிருக்கவில்லை.

இப்போது மெக்கானிக் செய்து கொடுத்திருப்பது இப்படி. பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், 15 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ரிலேயின் 30 எண் முனைக்குப் போகிறது. 87 எண் முனையிலிருந்து விளக்குகளுக்கு. டேஷ்போர்டு சுவிட்ச் ரிலேயை இயக்க மட்டும் பயன்படுவதால் அதில் ஓடும் மின்சாரம் மிகக் குறைவு. எதிர்முனை வயரையும் பெயிண்ட் பூசிய இரும்பில் திருகாமல் பேட்டரி வரைக்குமே கொண்டுபோயிருக்கிறார். கீல் உள்ள இடத்தில் வயர் நெளிகுழாய்க்குள் தளர்வாக வளைந்து செல்கிறது. முன்பக்க விளக்குகளை ரோல் பாரின் உச்சியிலிருந்து சற்று வெளிப்பக்கமாகத் தள்ளி வைத்ததும், பானெட்டில் பட்டுக் கண்ணைக் கூசிய வெளிச்சம் பெரும்பாலும் நின்றது. பின்விளக்குக்குத் தனி சுவிட்ச். சாலையில் போகும்போது பின்னால் வெள்ளை வெளிச்சம் எரிந்தால், எதிரே வண்டி வருவதாக எண்ணி மோட்டார் சைக்கிள்காரர்கள் தடுமாறுவார்கள்.

சரிசெய்ய முடியாத ஒன்று மீதி இருக்கிறது. விளக்கை மாட்ட அந்தக் கடையில் ரோல் பாரிலேயே நான்கு துளைகள் போட்டுவிட்டார்கள். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவரின் உயிரைக் காக்க அளந்து செய்யப்பட்ட சட்டம் அது. அதில் துளையிடவும் கூடாது, வெல்டிங் வைக்கவும் கூடாது என்பதே தயாரிப்பாளர்கள் சொல்வது. துளையை வெல்டிங் வைத்து அடைக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். வெப்பம் பட்ட இரும்பின் வலிமை மேலும் மாறும் என்பதால் மெக்கானிக் அதைத் தொட மறுத்துவிட்டார். முழுச் சட்டத்தையும் மாற்றத்தான் வேண்டும், அதற்குச் சொல்லிவைத்திருக்கிறேன். விளக்கை எப்போதும் கம்பத்தைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்பில்தான் மாட்டச் சொல்ல வேண்டும். உங்கள் வண்டியை விட்டிருக்கும் கடையில் டிரில் வெளியே வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பணத்தைக் கொடுக்குமுன், எஞ்சினை ஓடவிட்டு, எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, பேட்டரி முனையிலும் கடைசி விளக்கின் முனையிலும் வோல்ட் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயர் மெல்லியது, அல்லது போலி, அல்லது எங்கோ இணைப்பு சரியில்லை. வயரின் தடிமன், ஃபியூஸின் ஆம்பியர், மின்சாரம் எடுத்த இடம் மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.