மேடையை விட்டு இறங்கியவரா, மேடை ஏறியவர்களா?

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் நாற்றம் எங்கள் வீட்டுக்குள் வரும். எனவே, மக்கள் பிரச்சினைகளைப் பாடும் பாடகர்களில் யாரை முன்னோடியாக ஏற்பது என்பது எனக்கு வெறும் ரசனைக் கேள்வி அல்ல.

கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, ஆலைகளால் சீரழிந்த வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகத்துக்காக 2017-இல் பாடினார். சபா ரசிகர்களின் காதுக்குப் புறம்போக்கு நிலத்தைக் கொண்டுபோனவர் அவர். 2016-இல் மகசேசே விருதும் பெற்றவர். அவர் துணிச்சலை மதிக்கிறேன்.

ஆனால் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற சாதி எதிர்ப்பு இசைக்குழு வேறு ரகம். கானா, ராப், பறை என எல்லாம் ஒரே மேடையில். எங்கள் பக்கம் சாவு வீட்டு வாசலில், வைக்கோல் தீயில் தோல் விறைக்கும்வரை காய்ச்சி அடிக்கும் அதே பறை! இழிவென்று ஒதுக்கப்பட்டதைத் தலைநிமிர்ந்து அடித்தபடி இடஒதுக்கீட்டைப் பாடினார்கள். பிறருக்காகப் பேசுவதைவிடத் தம் வலியைத் தாமே பேசுவதற்கே வலு அதிகம். சிப்காட் ஓரத்தில் மேடை போட்டால், முதல் அழைப்பு அவர்களுக்குத்தான்.