கிரேக்க மெய்யியலும் கத்தோலிக்க இறையியலும்: ஓர் இணையவழிப் பாடத்தொடரின் மதிப்புரை

கிறிஸ்தவத்துக்கு முற்பட்ட கிரேக்க, உரோமை மெய்யியல் கத்தோலிக்க இறையியலில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை விளக்கும் கட்டணப் பாடத்தொடர் ஒன்றை அண்மையில் முழுவதுமாகக் கேட்டு முடித்தேன். இதைப் பற்றிப் பேசுவோரில் ஒரு சாரார் எல்லாமே பிளேட்டோவிடம் வாங்கிய இரவல் என்பர். மறு சாரார் திருச்சபை எவரிடமும் எதையும் பெறவில்லை என்று சாதிப்பர். இத்தொடர் எப்பக்கமும் சாயாமல், எடுத்துக்கொண்டது எது, எடுத்ததைத் திருத்தியது எங்கே என்று மூல நூல்களைத் திறந்தே காட்டுகிறது.

தொடக்ககாலத் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீனார் பற்றிய உரைதான் தொடரின் உச்சம். 386இல் மனம் திரும்புவதற்குச் சற்று முன் மிலான் நகரில் அவர் படித்தவை, மாரியுஸ் விக்டோரினுஸ் இலத்தீனில் பெயர்த்த பிளேட்டோனியர் நூல்கள். தீமை என்பது தனித்து நிற்கும் ஒரு பொருள் அன்று, நன்மையின் குறைபாடே என்ற தெளிவை அவர் அடைந்து, நன்மையும் தீமையும் தனித்தனி மூல ஆற்றல்கள் என்ற மானிக்கேயக் கொள்கையிலிருந்து விடுபட, அவை பெரிதும் துணைநின்றன. ஆயினும் தம் வாழ்வை அறிக்கையிட்டு எழுதிய நூலின் ஏழாம் பகுதியில், "தொடக்கத்தில் வாக்கு இருந்தது" என்பதன் கருத்தை அந்நூல்களில் கண்டதாகவும், "வாக்கு மனிதர் ஆனார்" என்பதைக் காணவில்லை என்றும் அவரே கூறுகிறார். ஆசிரியர் இந்தப் பகுதியை வரிவரியாகப் படித்து, அவசரமின்றி விளக்குகிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் பற்றிய உரைகளும் சோடைபோகவில்லை. உலகுக்குத் தொடக்கம் இல்லை என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால் தொடக்கம் உண்டு என்பதை அறிவால் நிறுவ முடியாது, நம்பிக்கையால்தான் அறிய முடியும் என்றும் அவர் வாதிட்டது, இன்று கேட்டாலும் துணிச்சலாகத்தான் தோன்றுகிறது.

நற்கருணை பற்றிய உரையில்தான் எனக்கு மனத்தாங்கல். அப்பமும் இரசமும் தோற்றம் மாறாமலே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்ற உட்பொருள் மாற்றக் கோட்பாடு அரிஸ்டாட்டிலிடமிருந்து அப்படியே வந்ததுபோல் ஆசிரியர் பேசுகிறார். பாரிசில் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைக் கற்பிக்கத் தடை இருந்த காலத்திலேயே, 1215இல், நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் அந்தச் சொல்லாட்சியைக் கையாண்டுவிட்டது. மேலும், பொருள் நீங்கியபின் அதன் நிறமும் சுவையும் மட்டும் நிற்கும் என்பதற்கு அரிஸ்டாட்டிலின் முறைமையில் இடமே இல்லை. அந்த இடத்தில் அக்குவினாஸ் தம் ஆசானின் விதியை உடைத்துக்கொண்டுதான் மேலே செல்கிறார். செல்வாக்கு என்பதன் உண்மைத் தன்மை வெளிப்படும் இந்த இடத்தையே தொடர் தவறவிட்டது வருத்தத்துக்குரியது.

இஸ்லாமிய மெய்யியலாளர்களான இபின் சீனா, இபின் ருஷ்து, யூத மெய்யியலாளர் மைமோனிடஸ் ஆகியோரும், அறிவால் அறியத்தக்க இயற்கைச் சட்டம் என்ற கருத்துக்கு வழிவகுத்த கிரேக்க, உரோமை மெய்யியல் மரபினரான ஸ்டோயிக்கரும் போகிற போக்கில் வந்து மறைகின்றனர். 1277இல் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்ப்பியே பெரும்பாலும் அரிஸ்டாட்டிலிய மெய்யியல் சார்ந்த 219 கூற்றுகளைக் கண்டித்த நிகழ்ச்சிக்குத் தனி உரையே ஒதுக்கியிருக்கலாம். இங்கே ஒரு வாக்கியத்தோடு சரி.

ஒலிப்பதிவு தெளிவாக உள்ளது. மூலப் பகுதிகளைத் தொகுத்த கையேடு கொடுத்த கட்டணத்துக்குத் தகும். ஒவ்வோர் உரையின் முடிவிலும் வரும் வினாக்களோ ஆண்டுகளை மனப்பாடம் செய்ய மட்டுமே உதவுவதால், அவற்றைத் தாண்டிச் சென்றாலும் இழப்பு ஏதுமில்லை.