உட்கார வைத்ததோடு சரி: டோபாலஜி ஸ்ப்ரெட்டுடன் இரண்டு வருடம்

"பாடுகளை எல்லா நோடுகளிலும் சமமாகப் பரப்ப டோபாலஜி ஸ்ப்ரெட் கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டால் போதுமா, வேறு எதுவும் வேண்டாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். குபர்னெட்டீஸ் என்பது ஆப்களைப் பல கணினிகளில் பரப்பி ஓட்டும் அமைப்பு. அதில் ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு, அதில் ஓடும் ஆப்பின் ஒரு பிரதி பாட். இரண்டு வருடமாக எங்கள் குபர்னெட்டீஸ் கிளஸ்டர்களில் (நோடுகளின் தொகுப்புகளில்) அதுதான் ஓடுகிறது. டீமுக்கான வழிகாட்டிப் பக்கத்தை எழுதியதும் நான்தான். முதலில் அதில் ஒரு யாமல் (அமைப்புக் கோப்பு) துண்டும் நான்கு வரி விளக்கமும்தான் இருந்தன. இன்று பக்கம் நீண்டு கிடக்கிறது. நீண்டதில் பெரும்பகுதி ஒரே ஒரு எரிச்சலைப் பற்றியது.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முன்பு பாட் ஆன்டி அஃபினிட்டி வைத்திருந்தோம். கட்டாயம் என்று போட்டால், நோடுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்று அது கறாராக நிற்கும். மூன்று நோடில் நான்காவது ரெப்ளிகா (அதே பாடின் நகல்) இடம் கிடைக்காமல் பெண்டிங்கில் தொங்கும். 2020இல் 1.19 பதிப்போடு நிலையான வசதியாகிவிட்ட இந்த ஸ்ப்ரெட் அப்படியில்லை. மேக்ஸ்ஸ்கியூ 1 என்றால், அதிகம் இருக்கும் நோடுக்கும் குறைவாக இருக்கும் நோடுக்கும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வராது. ஆறு ரெப்ளிகா, மூன்று நோடு, 2-2-2. புது சர்வீஸ் ஏற்றும்போது இந்தக் கணக்கு தவறி நான் பார்த்ததே இல்லை. (சமம் என்பது எண்ணிக்கையில்தான், சிபியு லோடில் இல்லை. அது வேறு கதை.)

ஆனால் அந்தக் கணக்கு, பாட் உட்காரும் நேரத்துக்கு மட்டும்தான். பாடுக்கு நோடு தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலர் அதன் பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை.

போன வாரம் ஒரு நோடை பேட்ச் போடுவதற்காக ட்ரெயின் செய்தோம், அதாவது பாடுகளை வெளியேற்றிக் காலி செய்தோம். வெளியேறிய இரண்டு பாடும் பெண்டிங். மற்ற இரண்டு நோடிலும் இடம் தாராளமாக இருக்கிறது! காரணம், பாடுகளை ஏற்காத நோடுகளையும் எண்ணுவதா என்று சொல்லும் நோட் டெய்ன்ட்ஸ் பாலிசி, சொல்லாமலே விட்டால் 'இக்னோர்'. அதாவது, பாடுகளை ஏற்காத அந்த நோடும் கணக்கில் இருக்கிறது, பூஜ்யம் என்று. பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் மூன்றாவது பாடுக்கு எங்குமே அனுமதி கிடையாது. 'டூ நாட் ஷெட்யூல்' (வரம்பு மீறினால் உட்கார வைக்காதே) போட்டிருந்தோம், அதனால் அப்படியே நின்றுவிட்டது. பாலிசியை 'ஹானர்' என்று மாற்றியதும் 3-3 ஆனது.

நோடு திரும்பி வந்தது, அன்கார்டன் செய்தோம், அதாவது புதுப் பாடுகளை மறுபடி ஏற்க விட்டோம். 3-3-0. ஒரு மணி நேரம் கழித்தும் 3-3-0. மறுநாள் காலையிலும் அதேதான். மூன்று மூன்று பாடு உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நோடுகளில் ஒன்று விழுந்திருந்தால் பாதி சர்வீஸ் போயிருக்கும். அப்படி நடக்கக் கூடாது என்றுதானே இதையே போட்டோம்?

பாடுகளைப் படிப்படியாகப் புதியவையாக மாற்றும் ரோல்அவுட் ரீஸ்டார்ட் கொடுத்தேன். முடிந்தபோது 1-2-3. பழைய ரெப்ளிகாசெட்டின் (ரீஸ்டார்டுக்கு முந்தைய தொகுப்பின்) பாடுகளையும் சேர்த்து எண்ணியதால், முதலில் வந்த புதியவை எல்லாம் காலி நோடில் போய் நெரிந்துகொண்டன. எந்தப் பாடுகளை எண்ணுவது என்று சொல்லும் மேட்ச் லேபிள் கீஸில் பாட் டெம்ப்ளேட் ஹேஷ் (ஒவ்வொரு தொகுப்புக்கும் தனியான லேபிள்) சேர்த்த பிறகுதான், புதியவற்றைத் தனியாக எண்ணி 2-2-2 ஆனது. நிரந்தர வழி டீஷெட்யூலர். வரம்பு மீறிய பாடுகளை அது வெளியேற்றும், ஷெட்யூலர் மறுபடி உட்கார வைக்கும். ஒரு வேலையை ஒழுங்காக முடிக்க இன்னொரு கருவியையும் கட்டி மேய்க்க வேண்டியிருக்கிறது.

ஷெட்யூலர் சொன்னபடிதான் நடந்துகொண்டது, அதில் பொய்யில்லை. சொன்னதை நான் பாதிதான் படித்திருந்தேன் என்பதும் உண்மை. இருந்தாலும் நண்பருக்கு இன்றைக்கு என் பதில்: போதாது. டீஷெட்யூலரைப் பராமரிக்க ஆள் இல்லாத டீம் என்றால் 'டூ நாட் ஷெட்யூல்' பக்கமே போக வேண்டாம், 'ஷெட்யூல் எனிவே' (மீறினாலும் உட்கார வை) போதும்.

எங்கள் யாமலிலிருந்து 'டூ நாட் ஷெட்யூல்' என்பதை எடுக்கவில்லை. வழிகாட்டிப் பக்கத்தின் உச்சியில் மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: அன்கார்டன் செய்தபின் நோடுவாரியாகப் பாடுகளை எண்ணிப் பார்க்காமல் டிக்கெட்டை மூடாதீர்கள்.