மோட்டார் ரிவர்ஸ் கிட்: ஒரு பக்கம் ஓடுது, மறு பக்கம் முனகுது

மகளின் ஸ்கூல் ப்ராஜெக்டுக்காக ஆன்லைனில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். நாலு டிரான்சிஸ்டர், கொஞ்சம் ரெசிஸ்டர், நாலு டயோடு, ரெண்டு பட்டன், பொம்மை கார் மோட்டார் ஒன்று, சின்ன போர்டு. ஒரு பட்டனை அமுக்கினால் மோட்டார் முன்னால் சுற்ற வேண்டும், மற்றதை அமுக்கினால் பின்னால். எச் பிரிட்ஜ் என்பார்களே, அதுதான்.

போர்டில் குறை சொல்ல முடியாது, ஈயம் அழகாகப் பிடித்தது. நாலு ஏஏ பேட்டரி போட்டதும் முன்னால் ஜோராக ஓடியது. அடுத்த பட்டனை அமுக்கிய மகள், "அப்பா, இது முனகுதுப்பா" என்றாள்.

மோட்டார் வயரை மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் அதே பட்டனுக்குத்தான் முனகல், ஆக மோட்டார் மேல் தப்பில்லை. மல்டிமீட்டரை வைத்தால், நன்றாக ஓடும் திசையில் பேட்டரியின் பிளஸ் பக்கம் இருக்கும் பிஎன்பி வகை டிரான்சிஸ்டரின் எமிட்டர், கலெக்டர் என்ற இரண்டு கால்களுக்கு நடுவே 0.2 வோல்ட்தான் காட்டியது, முனகும் திசையிலோ 4 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே நின்றுவிட, மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றரை வோல்ட் கூட இல்லை. ரெசிஸ்டர் எல்லாம் சரி. அப்புறம் மொபைல் டார்ச் அடித்துப் பொடி எழுத்தைப் படித்தால், நன்றாக ஓடும் பக்கத்து டிரான்சிஸ்டரில் பிசி327, முனகும் பக்கத்ததில் 8550!

இரண்டும் பிஎன்பிதான். ஆனால் தட்டை முகம் நம்மைப் பார்க்க வைத்தால் மூன்று கால்களும் இடமிருந்து 327-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். 8550-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். போர்டில் போட்டிருந்த அரைவட்டத்தை நம்பிச் செருகியதில் 8550 தலைகீழாக உட்கார்ந்துவிட்டது. தலைகீழாகவும் டிரான்சிஸ்டர் கொஞ்சம் வேலை செய்யும், கெயின், அதாவது சின்ன கரன்ட்டைப் பெரிதாக்கும் திறன்தான் பாதாளத்துக்குப் போய்விடும், அதனால்தான் ஓடவும் ஓடாமல் சாகவும் சாகாமல் அந்த முனகல். கழற்றித் திருப்பிப் போட்டேன், அவ்வளவுதான், ஓடுகிறது.

கையில் இல்லாத பார்ட்டுக்கு வேறொன்று போடுவது எங்கும் நடப்பதுதான், ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கலாமே? விற்றவருக்கு எழுதினேன், "நீங்கதான் தப்பா சோல்டர் பண்ணியிருப்பீங்க" என்று பதில். அதற்காகவே ரெண்டு ஸ்டார் குறைத்தேன்.

இன்னொன்று, ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிவிடாதீர்கள், நாலு டிரான்சிஸ்டரும் ஒன்றாகக் கரன்ட்டை விட்டு பேட்டரி ஷார்ட் ஆகும். கூட வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிள்ளைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ள வாங்கலாம். மோட்டார் திரும்பினால் போதும் என்பவர்கள் ரெடிமேட் எச் பிரிட்ஜாக வரும் எல்293டி ஐசி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 600 மில்லி ஆம்பியர் தாங்கும், டயோடும் உள்ளேயே இருக்கிறது.