பாலூட்டும் காலத்தில் கலோரிக் கணக்குச் செயலியும் சமையலறைத் தராசும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மகள் பிறந்து ஆறு கிழமைகள் கழிந்து, வைத்தியர் என் உடல்நிலையைப் பார்த்துச் சம்மதம் தெரிவித்த பின்னரே கைத்தொலைபேசியில் கலோரி கணக்கிடும் செயலி ஒன்றை நிறுவினேன். கூடவே சிறிய இலத்திரனியல் தராசு ஒன்றையும் வாங்கினேன். இப்போது அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள், பால்குடி இன்னும் முற்றாக நிற்கவில்லை. பாலூட்டிக்கொண்டே எடையைக் குறைக்க எண்ணும் யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்குச் செயலியைவிடத் தராசே கூடப் பயன்படும் என்பது இத்தனை காலத்தில் நான் கண்டது.

செயலியின் பெரிய குறை முதல் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. வயது, உயரம், எடை ஆகியவற்றைக் கேட்ட கையோடு, நாளுக்கு 1200 கலோரி போதும் என்று அது தீர்ப்பு வழங்கியது. பாலூட்டுகிறீர்களா என்ற கேள்வியே அதில் இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் லீற்றர் பால் சுரக்கிறது. அதற்கு உடலுக்கு வழமையைவிட ஏறக்குறைய 500 கலோரி மேலதிகமாகத் தேவைப்படுகிறது. கர்ப்பகாலத்தில் சேர்ந்த கொழுப்பு அதில் ஒரு பங்கை ஈடுசெய்யும், மிகுதி சாப்பாட்டிலிருந்தே வரவேண்டும். பாலூட்டும் தாய் 1800 கலோரிக்குக் கீழே இறங்காதிருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல் என்பதால், இலக்கை நானே மாற்றி 2000 அளவில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் சாப்பாடும் செயலிக்குத் தெரியாது. பிட்டு என்று தேடினால் ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்கள் வருகின்றன. சரக்குக்கறி, சுறா வறை, ஒடியற்கூழ் எதுவும் கிடையாது. ஆகவே மா, தேங்காய்ப்பூ, எண்ணெய் ஆகியவற்றைச் சமைக்குமுன் நிறுத்து, ஒவ்வொரு கறியையும் ஒருமுறை செய்முறையாகப் பதிந்துவைத்தேன். குழைத்த மாவில் கலக்குமுன் தேங்காய்ப்பூவை நிறுத்தபோதுதான் விடயம் விளங்கியது: 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி. பிட்டுக்குள் தேங்காய்ப்பூ, அதன்மேல் தேங்காய்ப்பாற் சொதி, பக்கத்தில் சம்பல் என்று ஒரே வேளையில் தேங்காய் மூன்று வழியில் வயிற்றுக்குள் போகிறது. உழுத்தங்களிக்கு ஊற்றும் நல்லெண்ணெயும் அப்படியே. ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. மாமியோ அகப்பையால் ஊற்றுபவர். "பால் ஊறவேணும் பிள்ளை, எண்ணெய்க்குக் கணக்குப் பாராதையும்" என்பார். பால் சுரப்பது எண்ணெயால் அல்ல, குழந்தை அடிக்கடி உறிஞ்சிக் குடிப்பதால்தான் என்றாலும், நான் வாதிடவில்லை. அகப்பையை எடுத்துவிட்டு மேசைக்கரண்டியை வைத்தேன்.

மீன், முட்டை, பயறு, முருங்கை இலை, சிவப்பரிசிச் சோறு ஆகியவற்றை நான் குறைக்கவே இல்லை. பால் பெருகும் என்று நம்பிச் சமைக்கும் சுறாவைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லவேண்டும்: பெரிய சுறாக்களின் தசையில் பாதரசம் கூடுதலாகச் சேர்கிறது, ஆதலால் பாலூட்டும் காலத்தில் அதைத் தவிர்த்துச் சிறுமீன்களை வாங்குவதே புத்தி.

எடை கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையாதபடி பார்த்துக்கொண்டேன். சில கிழமைகளில் ஒன்றுமே குறையவில்லை. உப்பும் தண்ணீரும் எடையை மேலும் கீழும் ஆட்டும் என்பதால், தினமும் ஏறி நிற்பதில் மனவுளைச்சலே மிச்சம். என் எடையைவிட, கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் மகளின் வளர்ச்சி வரைபில் இடும் புள்ளியையே நான் பெரிதாக எடுத்தேன். அது வழமையான பாதையில் ஏறிக்கொண்டிருந்தால் பால் போதும் என்று பொருள். தளர்ந்திருந்தால் என் கணக்கை அன்றே நிறுத்தியிருப்பேன்.

ஆறு மாதத்தில் மகளுக்குச் சோறும் பருப்பும் மசித்துக் கொடுக்கத் தொடங்கியபின், அவள் குடிக்கும் பால் மெல்லக் குறைந்தது. அதற்கேற்ப இலக்கையும் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டியிருந்தது. செயலி இதையும் தானாகச் செய்யாது.

கட்டணப் பதிப்புக்குப் பணம் செலவழிப்பது வீண். அதிலுள்ள உணவுத் திட்டம் ஓட்ஸையும் கிரேக்கத் தயிரையும் சுற்றியே நிற்கிறது; இலவசப் பதிப்பும் நல்ல தராசும் போதுமானவை. கர்ப்பகாலத்தில் நீரிழிவு இருந்தவர்களும் தைரொயிட்டுக்கு மருந்து எடுப்பவர்களும் தங்கள் இலக்கை வைத்தியரிடம் கேட்டே வைக்கவேண்டும், ஏனெனில் அந்த நோய்களைப் பற்றியும் செயலி எதுவும் விசாரிப்பதில்லை.