பேட்டை பம்ப் கடையும் பாதி டேங்கில் நிற்கும் எங்கள் பிக்கப்பும்

களக்காட்டில் இருந்து ஏத்தன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வந்து சேர வேண்டிய வண்டி எங்களுடையது. 2003 மாடல் டீசல் பிக்கப். காமன் ரெயில் என்கிற கம்ப்யூட்டர் வைத்த டீசல் சிஸ்டம் வருவதற்கு முந்தைய ரகம், கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, இஞ்சினுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து அதற்கு டீசலை அழுத்தி அனுப்பும் இரும்புப் பம்ப்தான் எல்லாம். அந்த வண்டி தை மாதத்தில் இருந்து சேரன்மகாதேவி தாண்டியதும் நிற்க ஆரம்பித்தது. முதலில் இழுவை குறையும், மிதித்தால் திணறும், அப்புறம் அணைந்துவிடும். இறங்கிப் போய், கையால் டீசல் ஏற்றுகிற ஹேண்ட் பிரைமரை முப்பது நாற்பது தடவை அமுக்கினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் ஓடும், பத்தமடை பக்கம் திரும்பவும் நிற்கும். தாரோடு வண்டி ரோட்டோரம் நின்றால் என்ன ஆகும் என்று வியாபாரம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தால் மார்க்கெட்டில் கேட்கிற விலைக்குத்தான் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைத் திறந்து ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, பம்ப் போச்சு, உள்ளே இருக்கிற எலிமென்ட், டெலிவரி வால்வ் எல்லாம் மாற்றி கேலிபரேஷன் (டீசல் அளவைச் சரிபார்த்து வைப்பது) பண்ண 18,000 ஆகும் என்றார்கள். டீசல் எங்கேயுமே ஒழுகவில்லையே என்று கேட்டேன். வெளியே ஒழுகவில்லை என்றால் கோளாறு பம்புக்குள்ளேதான் என்று சொன்னார்கள், எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பணம் புரட்ட இரண்டு நாள் ஆனது. அதற்குள் மார்க்கெட்டில் லோடு இறக்குகிற ஒரு அண்ணன் சொல்லி இந்தக் கடைக்குப் போனேன்.

கடை பேட்டையில், தென்காசி ரோட்டில் இருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. பெரிய போர்டு கிடையாது, மைக்கோ பம்ப் பார்க்கிற கடை எது என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். (மைக்கோ 1951-ல் தொடங்கிய, டீசல் பம்ப் செய்கிற பெங்களூர் கம்பெனி. 2008-ல் பெயரையே பாஷ் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் நம்ம பக்கம் டீசல் பம்ப் என்றால் இன்றைக்கும் மைக்கோதான்.) கடைக்கார அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேட்டது இதுதான்: "டேங்க்ல எவ்வளவு டீசல் கிடக்கும்போது நிக்கி தம்பி?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கள் டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஃபுல் டேங்க் போட்ட அன்னைக்கு நின்னதே இல்ல, பாதிக்குக் கீழ போனாத்தான் இந்தத் தொந்தரவு" என்றார். அண்ணாச்சி தலையை ஆட்டினார். "அப்ப பம்பு நல்லாருக்கு. அதத் தொட வேண்டாம்."

எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டதும் பெஞ்சில் கிடந்த ஒரு பழைய பம்பைக் காட்டினார். காட்டுவதற்காகவே அதைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறார். நாலு சிலிண்டருக்கு நாலு பிளஞ்சர் (டீசலைத் தள்ளுகிற சின்ன உருளைத் தண்டு) வரிசையாக நிற்கிறது, கீழே கேம் என்கிற மேடு வைத்த தண்டு சுற்றும்போது ஒவ்வொன்றாக மேலே ஏறி இறங்குகிறது. இஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்று. பிளஞ்சருக்கும் அது ஓடுகிற பேரலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்த இடைவெளிக்கு எண்ணெயே டீசல்தான், அதனால்தான் தண்ணீர் கலந்த டீசல் போனால் முதலில் தேய்வதும் அந்த இடம்தான். ஒரு பிளஞ்சரை உருவி, டீசலில் நனைத்து, திரும்பப் பேரலில் போட்டுக் கையைவிட்டார். விழவில்லை, தன் எடையில் மெதுவாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான் அதை நாலைந்து தடவை செய்து பார்த்தேன், அவ்வளவு அழகான வேலைப்பாடு.

அப்புறம் காற்று விஷயம். டைரக்ட் இஞ்செக்‌ஷன் வண்டியில் (இஞ்சினுக்குள் நேரடியாக டீசல் பீய்ச்சுகிற ரகம்) டீசலைப் பீய்ச்சுகிற நாசில் திறக்க சுமார் 200 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு பிரஷர் வேண்டும். டீசலை அழுத்தினால் அது அனேகமாகச் சுருங்காது, பிளஞ்சர் தள்ளிய வேகத்தில் பிரஷர் ஏறி நாசில் பீய்ச்சிவிடும். ஆனால் நடுவில் காற்றுக் குமிழ் நின்றால் பிளஞ்சர் தள்ளத் தள்ள அந்தக் காற்று சுருங்கி விரியும், பிரஷர் ஏறாது, நாசில் ஊசி தூக்காது. பம்பில் ஒரு குறையும் இல்லாமலே வண்டி நின்றுவிடும். இந்தக் காற்று எங்கே இருந்து வருகிறது? பெரிய பம்பின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு ஃபீட் பம்ப் என்று ஒரு சின்னது இருக்கிறது, ஹேண்ட் பிரைமர் குமிழும் அதில்தான் இருக்கும். அது டேங்கில் இருந்து டீசலை உறிஞ்சி ஃபில்டர் வழியாகப் பெரிய பம்புக்குத் தள்ளுகிறது. தள்ளுகிற பக்கத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே ஒழுகும், கண்ணில் படும். உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை விழுந்தால், இஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். இளநீர் ஸ்ட்ராவில் நடுவில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? ஓட்டை இளநீருக்குள் முங்கிக் கிடக்கும்வரை ஒன்றும் தெரியாது, இளநீர் இறங்கி ஓட்டை வெளியே தெரிந்ததும் வெறும் காற்றுதான் வாய்க்கு வரும். எங்கள் வண்டிக்கு நடந்தது அதேதான்.

சொன்னதோடு விடவில்லை, செய்தும் காட்டினார். ஃபீட் பம்புக்குப் போகிற பைப்பில் ஒரு முழத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் ட்யூபை மாட்டி வண்டியை ஓடவிட்டார், கடுகு கடுகாகக் குமிழ் ஓடியது. அடுத்தது டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, ஐந்து லிட்டர் கேனை பானட் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதில் இருந்து நேராக ஃபீட் பம்புக்கு ட்யூப் கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஓடியது, பேட்டையைச் சுற்றி ஒரு ரவுண்டும் போய் வந்தோம், ஒரு திணறல் இல்லை. பம்ப், ஃபீட் பம்ப், பிரைமர் மூன்றும் நல்லது என்று அதிலேயே முடிந்தது. கடைசியில் டேங்கை இறக்கி, உள்ளே நிற்கிற உறிஞ்சு பைப்பைக் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து, பஞ்சர் பார்க்கிற மாதிரி தண்ணீர் வாளியில் முக்கி மறு முனையில் ஊதினார். பைப்பின் நடுப்பகுதியில், துருப்பிடித்த ஒரு வளைவில், ஊசி முனை அளவு இடத்தில் இருந்து குமிழ் வரிசையாகக் கிளம்பியது. அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன், ஒன்றுமே தட்டுப்படவில்லை.

அதே அளவில் புதுப் பைப் வளைத்து, பக்கத்து லேத் பட்டறையில் பித்தளைப் பற்றவைப்பு போட்டு மாட்டினார். டீசல் பைப்பை மாட்டுகிற பாஞ்சோ போல்ட்டுகளுக்கு எல்லாம் புது காப்பர் வாஷர், இரண்டு ஃபில்டரும் புதுசு. ஃபில்டர் தலையில் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை பிரைமர் அடித்து, இறுக்கி, பிறகு பம்பிலும் அதே மாதிரி காற்று எடுத்தார். மொத்தம் 2,350 ரூபாய் ஆனது. பம்பைப் பிரிக்கவில்லை என்பதற்கு அடையாளமான ஈய சீல் உடையாமல் அப்படியே இருக்கிறது. மூன்று மாதம் ஆகிறது, டேங்க் கால்வாசிக்கு வந்தாலும் வண்டி ஒரு தடவை நிற்கவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காத்திருப்பு ரொம்ப அதிகம், காலை எட்டரைக்குப் போன எனக்கு வேலை முடிய சாயங்காலம் ஆறு ஆனது. உட்கார நிழலான இடம் கிடையாது. பில் கேட்டால் துண்டுச் சீட்டில்தான் எழுதித் தருகிறார், கம்பெனி வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது சரிப்படாது. காமன் ரெயில் வண்டிகளை எடுப்பதில்லை, அதற்கு வேறு மெஷின் வேண்டும் என்று நேரடியாகவே சொல்லி அனுப்பிவிடுகிறார். ஆனால் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் தைரியமாகச் சொல்வேன், பம்பைப் பிரிக்கச் சொல்லி யாராவது பெரிய தொகை கேட்டால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு தடவை இங்கே வந்துவிட்டுப் போங்கள். வரும்போது டேங்கைப் பாதிக்குக் கீழே வைத்துக்கொண்டு வாருங்கள். ஃபுல் டேங்கோடு வந்தால் இந்த மாதிரிக் கோளாறு அன்றைக்குத் தலைகாட்டாது, டேங்கை இறக்குவதற்கும் இரண்டு ஆள் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கும்.